நூல் குதிரையும் உடுக்கைச் சத்தமும்!

ராத்திரி பத்தரை மணிக்கு டீக்கடைக்கு வருகிற திருப்பூர்க்காரர் என்ன பேசுவார்? நூல் விலை, டாலர் ரேட், ஷிப்மென்ட்... இதைத்தானே?

அன்றைக்கு வந்த நண்பர் எடுத்த எடுப்பிலேயே, "ஏனுங்ண்ணா, குதிரைச் சத்தம் ஒண்ணு வேணுமுங்க, எங்க கிடைக்கும்?" என்றார்.

டீ புரை ஏறிவிட்டது எனக்கு.

நண்பர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பகலெல்லாம் பையருக்குப் பதில் எழுதுவார். ராத்திரியில் கம்ப்யூட்டரில் கார்ட்டூன் படம் போடுவார். எட்டு மாசமாகக் கண் விழித்து ஒரு காட்சி முடித்திருக்கிறார். மொத்தமே 40 செகண்ட். அம்மாவுக்காகக் காத்திருந்து, பவர்டேபிள் ஓரமாகத் தூங்கிப் போகிறான் ஒரு பொடியன். கனவில் கோனிலிருந்து நூல் தானாகப் பிரிகிறது. வெள்ளைக் குதிரை ஆகிறது. பொடியனை முதுகில் ஏற்றிக்கொண்டு நொய்யலை ஒரே தாவாகத் தாண்டுகிறது!

அருமையான காட்சி. ஆனால் பின்னணிக்கு ஒரு சினிமா ஹிட்டை அப்படியே உருவிப் போட்டிருந்தார். குறும்படப் போட்டி ஒன்றுக்கு அனுப்பியதில், 'சொந்த இசையோடு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கெடுவுக்கு இன்னும் பத்தே நாள்.

"நான் பி.காம். சார், எனக்கு இசையில் தெரிந்தது பாத்ரூம் வரைக்கும்தான்" என்று ஒதுங்கப் பார்த்தேன். விடவில்லை.

சும்மா சொல்லக்கூடாது. கொஞ்சம் தோண்டியபோதுதான் தெரிந்தது, இது பி.காம். சமாசாரமேதான் என்று!

ஊமைக் குதிரை

நிஜக் குதிரையைப் படம் பிடித்தால் குளம்படி, மூச்சு, கனைப்பு எல்லாம் இலவச இணைப்பு. வரைந்த குதிரை ஊமை. அதற்கு எல்லாமே நாம் செய்து கொடுக்க வேண்டும். செய்வது ஒரு நூலளவு தப்பினாலும் 'இது பொம்மை' என்று குட்டு வெளிப்பட்டுவிடும்.

வால்ட் டிஸ்னியே இதில் அடிபட்டவர்தான். 1928-ல் மிக்கி மவுஸை வைத்து 'ஸ்டீம்போட் வில்லி' எடுத்தார். ஆர்க்கெஸ்ட்ராவை உட்கார வைத்து ஒலிப்பதிவு செய்தால், எலி ஒரு பக்கம், இசை ஒரு பக்கம். முதல் ரிக்கார்டிங் அம்பேல். காசும் காலி! சொந்தக் காரை விற்று மறுபடி ரிக்கார்டிங் போட்டார் மனுஷர். இந்தத் தடவை, தாளத்துக்கு ஏறி இறங்குகிற ஒரு பந்தைப் படத்திலேயே அச்சடித்து, அதைப் பார்த்து வாசிக்கச் சொன்னார். கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. அந்த வருஷம் நவம்பர் 18-ல் நியூயார்க்கில் ரிலீஸ். மிச்சம் உலகத்துக்கே தெரியும்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1989-ல் ஏவி.எம்.மின் 'ராஜா சின்ன ரோஜா'. எஸ்.பி.முத்துராமன் டைரக்‌ஷன். ஒரு பாட்டு முழுக்க ரஜினியும் குழந்தைகளும் கார்ட்டூன் மிருகங்களோடு ஆடுவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது, டி.வி.யில் அந்தப் பாட்டு வந்தால் சோற்றுத் தட்டோடு அப்படியே உறைந்துவிடுவேன். இசை சந்திரபோஸ், பாட்டு வைரமுத்து, கார்ட்டூன் வேலை ராம் மோகன். ஷூட்டிங்கில் எதிரே ஒரு மிருகமும் கிடையாது, வெறும் காற்று! ரஜினியையும், பிறகு வரையப்பட்ட மிருகங்களையும் ஒரே நடையில் கட்டிப் போட்டது சந்திரபோஸின் தாளம்தான்.

கணக்கு வந்தது

சினிமாவில் ஒரு செகண்டுக்கு 24 படம். ஒரு நிமிஷத்துக்கு 120 தட்டு என்று வைத்தால், தட்டுக்கு 12 படம். நண்பரின் 40 செகண்டில் 960 படம், ஆகவே 80 தட்டு. ஆதி தாளத்தில் 8 அட்சரம். அப்படியானால்? சரியாகப் பத்து ஆவர்த்தனம்! ஒரு பனியனுக்கு எத்தனை கிராம் துணி என்று கணக்குப் போடுகிற ஊருக்கு இதெல்லாம் ஜுஜுபி.

இன்னொரு அதிசயம். குதிரை தாவுவது 26-வது செகண்டில். இறங்குவது 28-ல். தட்டுக் கணக்கில் பார்த்தால், இறங்குகிற இடம் எட்டாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டு. அதாவது சமம்! தெரியாமலே சமத்தில் இறக்கியிருக்கிறார் மனுஷர்.

"சரி, எதை வாசிக்கறது? கீபோர்டுல டிரம்ஸ் போட்டுரலாமுங்களா?"

அப்போதுதான் எனக்கு எங்கள் பாட்டி ஊர் ஞாபகம் வந்தது. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை பாடுவார்கள். பொன்னர், சங்கர் கதை. ராத்திரி ராத்திரியாக நடக்கும். கையில் உடுக்கை, எதிரே வெற்றிடம். பாடுகிறவர் உடுக்கையை முடுக்கினால் குதிரை கிளம்பும். படமே இல்லாமல் குதிரை ஓடிய ஊரய்யா இது!

தேடிப் பிடித்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்தோம். வயசு எழுபதுக்கு மேல். முதல் டேக். பிரமாதமாக வாசித்தார். ஆனால் உற்சாகத்தில் வேகம் ஏறி, குதிரை தரையைத் தொடுவதற்கு 8 படம் முன்னாலேயே அடி விழுந்துவிட்டது. செகண்டில் மூன்றில் ஒரு பங்குதான். காதுக்கு அது தெரிந்துவிடுகிறதே!

காதில் 'டிக் டிக்' கொடுத்துப் பார்த்தோம். ஹெட்போனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

"இந்தப் பல்லிச் சத்தமெல்லாம் வேண்டாங் கண்ணு. குதிரையைக் காட்டு, அதுகூடப் போறேன்."

ராத்திரியோடு ராத்திரியாக டிஸ்னி வைத்தியம்! தட்டுக்குத் தட்டு எகிறுகிற ஒரு வெள்ளைப் புள்ளியைப் படத்தின் ஓரத்தில் வைத்தார் நண்பர். மறுநாள் பெரியவர் அதைப் பார்த்தாரோ, குதிரையைப் பார்த்தாரோ... அச்சு அசலாக விழுந்தது அடி.

தாவுகிற இடத்துக்கு மட்டும் நானும் நண்பரும் ஏதேதோ யோசித்து வைத்திருந்தோம். புல்லாங்குழல், மணி, காற்று என்று. பெரியவர் கையை உயர்த்தி உடுக்கையை நிறுத்திவிட்டார்.

"அந்தரத்துல குளம்படி ஏதுங் கண்ணு?"

நாலு தட்டு, இரண்டு செகண்ட், நிசப்தம். அப்புறம் சமத்தில் ஒரே அடி!

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓவர்லாக் அக்காக்களுக்குப் போட்டுக் காட்டினார் நண்பர். "குதிரை மேல நிக்கறப்ப வயித்துல ஜில்லுனு ஆச்சுங்க தம்பி" என்றார் ஒருவர். எட்டு மாச உழைப்பில் நண்பருக்கு இதுவரை கிடைக்காத சர்டிபிகேட். சுட்ட ஹிட்டோடு இதே காட்சியைக் காட்டியபோது, அதே அக்கா அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே போய்விட்டாராம்!

'இசை' என்று பெரியவர் பேரைப் போட்டுப் படம் போட்டிக்குப் போயாகிவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று ராத்திரி டீக்கடையில் மறுபடி அதே குரல்:

"ஏனுங்ண்ணா... இப்ப ஒரு திமிங்கிலம் வேணுமுங்க!"