எதிரிக்காகச் சாட்சி சொன்னவர்!

ஒரே ஒரு வாக்கில் தேர்தலில் தோற்றவரைக் கண்டிருக்கிறோம். ஒரே ஒரு மதிப்பெண்ணில் கல்லூரி வாசலை இழந்த மாணவனைக் கண்டிருக்கிறோம். ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டத்தை இழந்த ஒருவரைப் பற்றி இன்று சொல்லப்போகிறேன். இழந்தார் என்று சொல்வதைவிட, எடுத்துக் கொடுத்தார் என்று சொல்வதே பொருந்தும். யாருக்கு? தன்னோடு மோதிக்கொண்டிருந்த போட்டியாளருக்கு!

அவர் பெயர் ஸ்டெர்லிங் மாஸ். இங்கிலாந்து நாட்டு மோட்டார் பந்தய வீரர். 1929 செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர். 2020 ஏப்ரல் 12-ஆம் நாள், 90 வயதில் மறைந்தவர். உலகப் பட்டத்துக்குரிய கிராண்ட் பிரி பந்தயங்கள் 66-இல் ஓட்டி, 16-இல் வென்றவர். 1955, 1956, 1957, 1958: நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இரண்டாம் இடம். 1959, 1960, 1961: மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மூன்றாம் இடம். முதலிடம்? ஒருமுறைகூட இல்லை! பட்டம் பெறாதவர்களில் இவரளவுக்கு வெற்றி குவித்தவர் இன்றுவரை எவருமில்லை.

"மோட்டார் பந்தயம் சீமான்களின் விளையாட்டாயிற்றே! பாட்டாளி படிக்கும் ஏட்டிலே அதற்கென்ன வேலை?" என்று கேட்கிறீர்களா? கேட்கத்தான் வேண்டும். சீமான்களின் விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. மாஸும் குடிசையில் பிறந்தவரல்லர். தந்தை பல் மருத்துவர்; 1924-இலேயே அமெரிக்கா சென்று இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் வண்டி ஓட்டியவர். ஆனால் அந்த வசதியான வீட்டுப் பிள்ளையும் பள்ளிக்கூடத்திலே அவமானம் சுமந்தது. ஏன் தெரியுமா? தந்தை வழியிலே யூத இரத்தம் இருந்ததாம்! அதற்காக உடன்படித்த பிள்ளைகள் துன்புறுத்தினர். பிறப்பைக் காட்டி மனிதனைப் பழிக்கும் பெருநோய் நம் நாட்டுக்கு மட்டுமே சொந்தமானதல்ல, தோழர்களே! நிறம் மாறும், நெறி மாறும், மொழி மாறும். நோய் மட்டும் மாறுவதில்லை.

அப்படி வளர்ந்தவருக்குத் தன்மானம் எப்படியிருக்கும் என்பதை 1951-இல் இத்தாலி நாடு கண்டது. பாரி நகரத்துப் பந்தயத்தில் ஓட்ட வண்டி தருவதாக ஃபெராரி நிறுவனம் அழைத்தது. ஃபெராரி! பந்தய உலகின் பேரரசு! இளைஞர் மாஸ் இங்கிலாந்திலிருந்து அவ்வளவு தொலைவு போய்ச் சேர்ந்தார். வண்டியில் ஏறி அமர்ந்து பார்த்தார். "இது உமக்கல்ல, டாருஃபிக்கு" என்று சொல்லி இறக்கிவிட்டனர். ஒரு விளக்கம் இல்லை, ஒரு வருத்தம் இல்லை. இறங்கினார் மாஸ். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தின் அணியில் அவர் ஓட்டவேயில்லை. பட்டம் அங்கே இருந்தது, பணம் அங்கே இருந்தது, வேகம் அங்கே இருந்தது. தன்மானம் இங்கே இருந்தது! கடைசியில், 1962-இல், மாஸ் விரும்பிய தனியார் அணிக்கு, அந்த அணியின் வண்ணத்திலேயே வண்டி தர ஃபெராரி இசைந்தது. பதினோராண்டுகள் கழித்து இறங்கி வந்தது பேரரசு, தனிமனிதன் அல்ல.

திறமை எப்படிப்பட்டது? ஒரு சான்று போதும். 1955 மே முதல் நாள். உலகத் தொழிலாளர் கொடியேற்றும் அந்த நாளில் இத்தாலியில் 'மில்லே மிலியா' பந்தயம். பிரெஷியா நகரில் புறப்பட்டு ரோம் சென்று மீண்டும் பிரெஷியா திரும்ப வேண்டும். தொலைவு 992 மைல். பந்தயத்துக்கென்று போட்ட பாதையல்ல. மக்கள் நடக்கும் சாலை, மலைக் கணவாய், ஊர்த்தெரு! மாஸ் ஓட்டியது மெர்சிடிஸ் வண்டி, எண் 722. காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்டதால் அந்த எண். பக்கத்தில் அமர்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன். யார் அவர்? ஒரு பத்திரிகையாளர்! வழியெங்கும் முன்கூட்டியே சென்று, எந்த வளைவு எப்படி, எந்த மேட்டுக்கு அப்பால் என்ன என்று குறித்து, ஏறத்தாழ 18 அடி நீளக் காகிதச் சுருளில் எழுதிப் பெட்டிக்குள் உருட்டி வைத்திருந்தார். எஞ்சின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. ஆகவே கைச்சைகை. எழுதியவனின் கை காட்டிற்று; ஓட்டியவனின் கால் நம்பிற்று. 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 98 மைலை ஒட்டி! இரண்டாவதாக வந்த ஃபாஞ்சியோ, ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பெருவீரர், அரைமணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார்.

இன்னொரு காட்சி. 1961, மொனாக்கோ. மாஸின் லோட்டஸ் வண்டி பழைய வண்டி. எதிரே மூன்று புத்தம் புதிய ஃபெராரிகள், ஆற்றல் மிகுந்தவை. பந்தயம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்க, வண்டியின் சட்டத்துக் குழாயில் விரிசல்! எண்ணெய்த் தொட்டியோ நிரம்பி நிற்கிறது. மெக்கானிக் ஆல்ஃப் பிரான்சிஸ், போலந்து நாட்டிலிருந்து வந்தேறிய தொழிலாளி, தொட்டியை ஈரத்துணியால் போர்த்திவிட்டு, வெல்டிங் சுடரைப் பிடித்தார். ஒரு பொறி தவறினால் வண்டியும் இல்லை, மனிதனும் இல்லை. பற்றவைத்து முடித்தார். மாஸ் ஏறி அமர்ந்தார். 100 சுற்றுகள். மூன்று ஃபெராரிகளும் விரட்டின, தொட முடியவில்லை. 3.6 விநாடியில் வென்றார் மாஸ். கோப்பையைப் பிடித்த கை படத்தில் இருக்கிறது. சுடரைப் பிடித்த கை? பட்டறையில் வேலை பார்க்கும் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, சாட்சிக் கூண்டுக்கு வருவோம்.

1958-ஆம் ஆண்டு. பட்டத்துக்கு இருவர் மோதினர், இருவரும் இங்கிலாந்துக்காரர்கள். வான்வால் அணியில் மாஸ். ஃபெராரி அணியில் மைக் ஹாத்தார்ன். ஆகஸ்ட்டு 24-ஆம் நாள், போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் பந்தயம். மாஸ் முதலில் வந்தார். இரண்டாமிடத்தில் இருந்த ஹாத்தார்னின் வண்டி இறுதிக் கட்டத்தில் சுழன்று நின்றுவிட்டது. எஞ்சினை உயிர்ப்பிக்க, வண்டியைச் சரிவிலே தள்ளினார். எந்தத் திசையில்? பந்தயம் ஓடும் திசைக்கு எதிர்த் திசையில்! விதி என்ன சொல்கிறது? பந்தயப் பாதையில் எதிர்த் திசையில் ஓட்டினால் தகுதி நீக்கம். அதிகாரிகள் கூடினார்கள். ஹாத்தார்னின் பெயரை அடிக்கப் பேனாவும் எடுத்தாகிவிட்டது.

அப்போது ஒருவர் உள்ளே வந்தார். "அவர் வண்டியைத் தள்ளியது பந்தயப் பாதையில் அல்ல, ஓரத்து நடைபாதையில். நான் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னார். சொன்னவர் யார்? ஹாத்தார்னின் அணித் தலைவரா? அல்ல. ஃபெராரியின் வழக்கறிஞரா? அல்ல. அந்த மனிதர் நீக்கப்பட்டால் ஆதாயம் அடையக்கூடிய ஒரே ஆள்: ஸ்டெர்லிங் மாஸ்!

சாட்சி ஏற்கப்பட்டது. இரண்டாமிடத்துக்கு 6 புள்ளி, வேகமான சுற்றுக்கு 1 புள்ளி. ஆக 7 புள்ளிகள் ஹாத்தார்னுக்கு நிலைத்தன. அந்த 1 புள்ளிக்கும் ஒரு கதை உண்டு. ஹாத்தார்ன் சுற்றுச் சாதனை செய்துவிட்டார் என்று மாஸின் அணியினர் பலகையில் சுருக்கெழுத்துக் காட்டினர். ஓர் எழுத்தை மாஸ் வேறாகப் படித்துவிட்டார், வழக்கம்போலத்தான் வருகிறார் என்று பொருள் கொண்டார், வேகத்தைக் கூட்டவில்லை.

அக்டோபர் 19-ஆம் நாள், மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா. கடைசிப் பந்தயம். மாஸ் செய்யக்கூடியது அனைத்தையும் செய்தார்: பந்தயத்தை வென்றார், வேகமான சுற்றும் அவருடையதே. ஹாத்தார்ன் இரண்டாவதாக வந்தார். கணக்கைக் கூட்டினர். அவரவருடைய சிறந்த ஆறு பந்தயங்கள் மட்டுமே கணக்கில் சேரும் என்பது அந்நாள் விதி. ஹாத்தார்ன் 42. மாஸ் 41.

அந்த ஆண்டு மாஸ் வென்றவை நான்கு பந்தயங்கள். ஹாத்தார்ன் வென்றது ஒன்றே ஒன்று. போர்ட்டோவின் 7 புள்ளிகள் இல்லையென்றால், அந்த இடத்தில் அர்ஜெண்டினாவில் பெற்ற 4 புள்ளிகள் சேர்ந்து, ஹாத்தார்ன் 39-இல் நின்றிருப்பார். 41 பெற்ற மாஸ் உலகப் பட்டத்தோடு வீடு திரும்பியிருப்பார். சாட்சி சொன்ன வாயின் விலை, ஓர் உலகப் பட்டம்!

அந்தப் பட்டத்தால் மகிழ்ந்தவர்தான் யார்? அந்த ஓராண்டிலே மூசோ மாண்டார், காலின்ஸ் மாண்டார். இருவரும் ஹாத்தார்னின் அணித் தோழர்கள். காசாபிளாங்காவில் வண்டி தீப்பற்றி, ஆறு நாள் துடித்து மாண்டார் லூயிஸ்-எவான்ஸ். அவர் மாஸின் அணித் தோழர். பட்டம் பெற்றதும் பந்தயத்தை விட்டே விலகினார் ஹாத்தார்ன். ஆனால் 1959 ஜனவரி 22-ஆம் நாள், பொதுச் சாலையில் நேர்ந்த விபத்தில், 29 வயதில் அவரும் மறைந்தார்.

"பொய் சொல்லச் சொல்லவில்லையே! வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதுமே! பிழைக்கத் தெரியாத மனிதர்!" என்று சிலர் சொல்லக்கூடும். அங்கேதான் நிற்கிறது நமக்குரிய பாடம். பொய் சொல்வது தவறு என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நமக்கு லாபம் வரும் நேரத்தில், நமக்குத் தெரிந்த உண்மையை விழுங்கிக்கொண்டு மௌனமாக இருக்கிறோமே, அதைத் தவறென்று யார் சொல்லுவார்?

ஆலையிலே நினைத்துப் பாருங்கள். எதிர்ச் சங்கத்துத் தொழிலாளி ஒருவன் மீது நிர்வாகம் குற்றஞ்சாட்டுகிறது, விசாரணை நடக்கிறது. நடந்ததைக் கண்ணால் கண்டவர் நம் சங்கத்துத் தோழர். அவன் குற்றமற்றவன் என்று அவருக்குத் தெரியும். அவன் வெளியேறினால் அந்தப் பகுதியிலே நம் சங்கம் வளரும் என்பதும் தெரியும். என்ன செய்ய வேண்டும்? "நமக்கென்ன வந்தது" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு நகர்வதா? அல்ல! உள்ளே போக வேண்டும். "நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்த சங்கத் தேர்தலில் அதே மனிதன் நம்மை எதிர்த்து நின்று வென்றாலும் வெல்லட்டும். எதிரியைக் களத்தில் சந்திப்போம், காகிதத்தில் அல்ல!

மாஸுக்கு மாலை சூட்டுகிறேன் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடச் சொல்லவில்லை. பகுத்தறிவாளனுக்கு அது அழகல்ல. 2013-இல் வானொலிப் பேட்டியொன்றில், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வெல்லத்தக்க மனத்திறன் பெண்களுக்கு இல்லை என்று பேசினார் மாஸ். யார் பேசுவது? பாட் மாஸின் அண்ணன்! 1960-இல் ஐரோப்பாவின் கடும் பந்தயங்களில் ஒன்றான லீஜ்–ரோம்–லீஜ் ராலியில், ஆடவர் அத்தனை பேரையும் பின்தள்ளி முதலிடம் பெற்றவர் அவருடைய தங்கை பாட் மாஸ். அவருக்குத் துணையாக வண்டியில் இருந்த ஆன் விஸ்டமும் ஒரு பெண்ணே! போர்ட்டோவில் போட்டியாளரின் உண்மையைக் கண்ட கண், சொந்த வீட்டுப் பெண்ணின் உண்மையைக் காணவில்லையே! அதையும் சொல்லத்தான் வேண்டும். சாட்சி என்றால் முழுச் சாட்சி.

1962 ஏப்ரல் 23-ஆம் நாள், இங்கிலாந்தின் குட்வுட் களத்தில் மாஸின் வண்டி மண்மேட்டில் மோதிற்று. உலோகத்தை அறுத்து அவரை வெளியே எடுக்கவே அரைமணிக்கு மேலாயிற்று. ஒரு திங்கள் அளவு நினைவில்லை. ஆறு திங்கள் இடப்பக்கம் செயலிழந்தது. ஓராண்டு கழித்து அதே களத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்தார். கை ஓட்டிற்று, வண்டி ஓடிற்று; ஆனால் முன்பு தானாக வந்தது, இப்போது எண்ணி எண்ணி வந்தது. "போதும்" என்று இறங்கிவிட்டார். அப்போது வயது 33.

அந்த நாட்டிலே, வேகமாக வண்டி ஓட்டுகிறவனை மடக்கும் போலீஸ்காரர், "நீ என்ன பெரிய ஸ்டெர்லிங் மாஸா?" என்று கேட்பது வழக்கச் சொல்லாகவே ஆயிற்று. பட்டம் பெற்றவர்களின் பெயரைச் சொல்லி அல்ல, பெறாதவரின் பெயரைச் சொல்லி!

தோழர்களே! சுவரொட்டி ஒட்டியவன், கொடிக்கம்பம் நட்டவன், சிறை சென்றவன், மேடையில் இடம் கிடைக்காமல் மணலில் அமர்ந்தவன். பட்டியலில் பெயர் வராத அத்தனை பேருக்காகவும்தான் இந்தக் கதையைச் சொன்னேன். பதவிப் பட்டியலை யாரோ எழுதுகிறார்கள். விதியை யாரோ வகுக்கிறார்கள். புள்ளியை யாரோ கூட்டுகிறார்கள். அவையெல்லாம் நம் கையில் இல்லை. விசாரணை அறையின் கதவு திறந்திருக்கும்போது உள்ளே போவதா, வெளியே நிற்பதா, அது மட்டும் நம் கையில் இருக்கிறது.

மாஸ் உள்ளே போனார். நாமும் போவோம்!