புதுக்கடை: மதிலுக்கு வெளியே ஒரு கிராமம்

வேலி வழக்கொன்றின் மேன்முறையீட்டுக்காக ஐயா என்னைப் புதுக்கடைக்குக் கூட்டிவந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். நீதிமன்ற வாசலில் நின்று, "இதிலை எது ஐயா புதுக்கடை?" என்று கேட்டேன். கறுப்புக் கோட்டு அணிந்த சட்டத்தரணிகளும் தட்டச்சு இயந்திரங்களுமே கண்ணில் பட்டன. ஐயா சிரித்தார். "கடை பழசாய்ப் போச்சு, பேர்தான் இன்னும் புதுசு" என்றார். அந்தக் கேள்வியின் பின்னால் சென்றபோது நான் கண்டடைந்தது ஒரு கடையை அல்ல, ஒரு கிராமத்தை.

நேயர்களே, தமிழில் புதுக்கடை என்பதையே சிங்களத்தில் அளுத்கடே என்கிறார்கள். பொருள் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஹல்ஸ்டோர்ப் ஆகிவிடுகிறது. 'டோர்ப்' என்றால் ஒல்லாந்த மொழியில் கிராமம். ஹல்ஃப்ட் என்பவரின் கிராமம் என்பதே அதன் பொருள்.

யார் இந்த ஹல்ஃப்ட்? போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க 1655இல் ஒல்லாந்தப் படையை நடத்தி வந்த தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்ட். அன்றைய கொழும்பு நகரம், இன்றைய கோட்டையும் புறக்கோட்டையும் சேர்ந்த பகுதிதான். அதைச் சுற்றி மதில். மதிலுக்கு வெளியே இருந்த இந்த மேட்டு நிலத்தில் ஒல்லாந்தர் தங்கள் முகாமை அமைத்தனர். அவர்களுக்குத் துணையாகக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் நின்றது. ஒரே நிலத்தின் மீது மூன்று அதிகாரங்களின் கண் பதிந்திருந்தது. எல்லைக் கிராமத்தின் தலைவிதி என்றால் இதுதான்.

முற்றுகை ஏழு மாதங்கள் நீடித்தது. நகருக்குள் பட்டினி பரவியது. போரிடும் வலுவில்லாத ஏழைகளைப் போர்த்துக்கேயர் வெளியே அனுப்பினர். ஒல்லாந்தரோ அவர்களைத் திரும்பவும் மதிலை நோக்கி விரட்டினர். முகாமுக்கும் மதிலுக்கும் நடுவே அகப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே எந்தத் தெருவுக்கும் சூட்டப்படவில்லை. 1656 ஏப்ரல் 10ஆம் திகதி குண்டடிபட்டு இறந்த தளபதியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்த மாதம் நகரம் வீழ்ந்தது. அது தன் கைக்கு வரும் என்று காத்திருந்த இராஜசிங்கனுக்கு ஒல்லாந்தர் வாயிலைத் திறக்கவில்லை. சினங்கொண்ட மன்னன் கொழும்பின் சுற்றுப்புறங்களைப் பாழாக்கிவிட்டுப் பின்வாங்கினான். ஏமாற்றியவர்கள் மதிலுக்குள் பத்திரமாக இருந்தார்கள். அடிபட்டவர்கள் வெளியே இருந்த குடியானவர்கள்.

போர் முடிந்த பின்னும் மதில் தன் வேலையை விடவில்லை. சோனகரும், அன்று 'மலபாரிகள்' என அழைக்கப்பட்ட தமிழரும், கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீடு வளவு வைத்திருக்கக் கூடாதென்று ஒல்லாந்தர் 1747இல் தடை விதித்தனர். உள்ளே வியாபாரத்துக்கு வரலாம். உரிமையோடு குடியிருக்க முடியாது. பிரித்தானியர் ஆட்சியில் 1832இல்தான் இந்தத் தடை நீங்கியது. எண்பத்தைந்து ஆண்டுகள், மூன்று தலைமுறை!

இன்று இந்தப் பக்கத்தில் நடந்தால் பழைய சோனகத் தெரு, புதிய சோனகத் தெரு என்ற பெயர்களைக் காணலாம். வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் மதிலுக்கு அப்பால் எத்தனை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பிரித்தானியர் காலத்தில் நீதிமன்றங்கள் இந்த மேட்டிலேயே வந்து அமர்ந்தன. ஒரு காலத்தில் சட்டம் யாரை வெளியே நிறுத்தியதோ, அவர்கள் வாழ்ந்த பக்கத்துக்கே நீதி தேடி நாடு முழுவதும் வரவேண்டியதாயிற்று. உயர் நீதிமன்றம் இன்றும் இங்கேதான் இருக்கிறது. 1870ஆம் ஆண்டை ஒட்டிக் கோட்டை மதில்களும் இடிக்கப்பட்டன. எல்லை அழிந்ததும் எல்லைக் கிராமம் நகரத்தின் நடுவுக்கு வந்துவிட்டது.

ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். அரச ஏட்டில் ஏறியது படை நடத்தி வந்தவரின் பெயர். மக்களின் வாயில் நிலைத்தது, யாரோ ஒருவர் புதிதாகத் திறந்த கடையின் பெயர். அந்த யாரோ ஒருவரின் கடையைத் தமிழரும் சிங்களவரும் ஒரே பொருளில் நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஐயாவின் வேலி வழக்கு பல தவணைகள் கண்டது. முடிவில் அரை முழ நிலம் எங்களுக்குக் கிடைத்தது. அன்று பின்னேரம் வழக்குத்தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐயா புதுக்கடையில் ஒரு தேத்தண்ணி குடித்தார். "இந்த அரை முழத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரனோடை பத்து வருஷம் கதைக்காமல் இருந்திட்டன்" என்றார். வென்றவரின் குரலாக அது எனக்குக் கேட்கவில்லை.