பழைய காரின் எஞ்சின்: திருத்துவதா, மாற்றுவதா?

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் ஆகிய கார்கள் இன்றும் ஓடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றைச் செய்த இங்கிலாந்திலே அவை பெரும்பாலும் விருப்பத்திற்காகப் பேணப்படுகின்றன. இங்கோ சந்தைக்கும் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வரும் குடும்ப வண்டிகளாக அவை இருந்து வருகின்றன. அத்தகைய காரொன்றின் எஞ்சின் தளர்ந்துபோகும்போது உடையவர் முன் இரண்டு வழிகள் தோன்றுகின்றன. பழைய எஞ்சினைத் திருத்துவது ஒன்று. அதனைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது மற்றொன்று. கையிலே பணம் மிகுதியாக உள்ளவர் எவ்வழியையும் தெரியலாம். அளவான பணமுடையவர் எவ்வாறு முடிவு செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் பொறியியல் படித்தவனல்லேன். கலைப் பட்டம் பெற்று, அரசினர் பாடசாலையொன்றின் அதிபராக இருப்பவன். எனது தகப்பனார் விட்டுச் சென்ற 1957ஆம் ஆண்டு மொறிஸ் மைனரே என்னை இவ்வாராய்ச்சியில் இறக்கியது. ஐயா காலமான பின்னர் அது கொட்டிலிலே சில ஆண்டுகள் நின்றது. எனது தாயாரை மாதந்தோறும் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லவேண்டி வந்தபோது அதனை மீண்டும் வெளியே எடுத்தேன். ஏற்றத்திலே இழுக்கவில்லை, நின்ற இடத்திலே நடுங்கியது, நீலப் புகை கக்கியது. நகரத்திலுள்ள கராஜ் ஒன்றில் காட்டினேன். மூடியைத் திறந்து ஒரு நிமிடம் செவிமடுத்தவர், "எஞ்சின் முடிந்துவிட்டது, ஜப்பான் எஞ்சின் ஒன்று போடுங்கள்" என்றார். என் கையில் இருந்ததோ அரச ஊழியருக்குக் கிடைக்கும் இடர்கடன். மாதச் சம்பளத்திலே கழிக்கப்படும் அப்பணத்தை ஒருமுறைதான் செலவிட முடியும். ஆகவே முற்பணம் கொடுக்குமுன் ஐயாவின் காலத்தில் அக்காரைப் பார்த்துவந்த முதிய மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் எஞ்சினைக் கிளப்பச் சொல்லவில்லை. "தம்பி, முதலிலை பிளக் நாலையும் கழற்றுவம்; பிறகு கதைப்பம்" என்றார். அன்று அவரிடம் கற்றவற்றையும் பின்னர் தேடி அறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவதாக, எந்த எஞ்சினைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதை அறிதல் வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டிலே வெளிவந்தபோது அதில் 918 சீ.சீ. கொண்ட, பக்கவாட்டு வால்வுடைய எஞ்சின் இருந்தது. 1952ஆம் ஆண்டிலே மொறிஸ், ஒஸ்ரின் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றிணைந்தன. அதன்பின் ஒஸ்ரினின் 803 சீ.சீ. எஞ்சின் மைனரில் ஏறியது. 1956இல் அது 948 சீ.சீ. ஆகவும், 1962இல் 1098 சீ.சீ. ஆகவும் பெருத்தது. இப்பிந்திய மூன்றும் 'ஏ வரிசை' எனப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்ப உறவு பின்னர் நமக்குப் பயன்படும்.

நம்மூர்க் கார்களின் எஞ்சின்களுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்திலே சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவது வழக்கமாயிற்று. பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் இக்காலக் கார்களுடையதிலும் குறைவாதலால் அவை அதனைத் தாங்கின. ஆயினும் பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய துளிகள் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, வளையங்களைத் தாண்டி இறங்கி, அடியிலுள்ள எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். அதனாற் சுவரும் தேயும், பெயாரிங்குகளும் தேயும். ஐயாவும் அவ்வாறே அயலவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றவர். ஆகவே அக்காலம் கண்ட எஞ்சினை அளந்து பாராது நம்புதலும் தவறு. அளந்து பாராது கழித்து விடுதலும் தவறு.

இனி, நோயை அறியும் வழிகளைக் கூறுகின்றேன். அவற்றுள் முதன்மையானது அமுக்கச் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காபரேற்றரின் வாயை முழுதும் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கமானியைப் பொருத்தி ஸ்ராற்றரைச் சுழற்றுவர். நான்கும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றனவா என்பதே கவனிக்கத்தக்கது; மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையே நூற்றுக்குப் பத்து வரையான வேறுபாட்டைப் பொறுக்கலாம். குறைந்து காணப்படும் சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். இப்போது அமுக்கம் ஏறினால் வளையமோ சுவரோ தேய்ந்துள்ளது. ஏறாவிட்டால் குற்றம் வால்வில் அல்லது காஸ்கெற்றில் இருக்கின்றது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் மட்டும் ஒன்றாகக் குறைந்திருப்பின், அவற்றின் நடுவே ஹெட் காஸ்கெற் எரிந்திருத்தல் கூடும்.

இரண்டாவது எண்ணெய் அழுத்தம். ஏ வரிசை எஞ்சினில், சூடேறி வழக்கமான வேகத்தில் ஓடும்போது சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 60 இறாத்தல் அழுத்தம் இருத்தல் வேண்டும். அது மிகத் தாழ்ந்திருந்தால் பெயாரிங்குகளின் மேல் ஐயங்கொள்ளல் தகும். மூன்றாவது செவிக்கும் கண்ணுக்கும் உரியது. மேலே கேட்கும் மெல்லிய தட்டலை வால்வு இடைவெளியைச் சரிசெய்து பெரும்பாலும் நீக்கலாம். பாரம் இழுக்கும்போது அடியிலிருந்து எழும் கனத்த இடியோசை அஞ்சத்தக்கது. நீலப் புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை பெற்றோல் மிகுதியையும், நீங்காத வெண்புகை றேடியேற்றர் நீர் உள்ளே புகுவதையும் காட்டும்.

எங்கள் காரிலே முதலாம் நான்காம் சிலிண்டர்கள் ஓரளவு ஒத்திருந்தன. இரண்டாவதும் மூன்றாவதும் பெரிதும் தாழ்ந்திருந்தன. எண்ணெய் விட்டும் ஏறவில்லை. ஹெட்டைக் கழற்றியபோது அவ்விரண்டுக்கும் நடுவே காஸ்கெற் கருகியிருந்தது. எஞ்சின் இழுக்காமைக்குக் காரணம் அந்த மெல்லிய தகடே! ஆனால் நீலப் புகைக்குக் காரணம் வேறு. சிலிண்டரின் மேல் விளிம்பிலே நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு படி இருந்தது. வளையம் ஓடும் பகுதி தேய்ந்து, ஓடாத விளிம்பு தேயாது நிற்பதனால் தோன்றும் படி அது.

இவ்விடத்திலே சிக்கனமெனத் தோன்றும் ஒரு பொறி உண்டு. தேய்ந்த சுவருக்குள் புதிய வளையங்களை மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். புதிய வளையம் அந்தப் படியிலே முட்டி உடையலாம். உடையாவிடினும் நீள்வட்டமாகிவிட்ட சுவரோடு பொருந்தாமற் சில மாதங்களிற் பழைய நிலைக்குத் திரும்பும். சரியான வழி சிலிண்டரை அளந்து, கடைச்சற் பட்டறையிலே துளைத்துப் பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் போடுவது. இவ்வெஞ்சின்களுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு பெரிய பிஸ்டன்கள் செய்யப்பட்டன. எங்கள் எஞ்சின் ஐயாவின் காலத்தில் ஒருமுறை 10 பங்கு துளைக்கப்பட்டிருந்தது. இம்முறை 30க்குச் சென்றோம். இன்னும் ஒருமுறைக்கு இடமிருக்கின்றது. அதற்கு மேலும் உள்ளுறை இறக்கி மீண்டும் தொடக்க அளவுக்கு வரலாம். கிராங் தண்டையும் அவ்வாறே அரைத்து, அதற்கேற்ற பெயாரிங்குகளை இடலாம்.

ஹெட் கழன்றிருக்கும்போதே செய்யத்தக்க மற்றொரு வேலையும் உண்டு. பழைய பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் வால்வு இருக்கைகளைத் தேயாமற் காத்து வந்தது. நமது நாட்டிலே 2002ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனையிலிருந்து நீங்கியது. ஆகையால் புகை வெளியேறும் வால்வுகளுக்குக் கடினமான உருக்கு இருக்கைகளைப் பதித்துவிடுதல் நன்று. பின்னர் அதற்கென மறுபடி கழற்றினால் கூலியும் காஸ்கெற்றும் இரட்டிப்பாகும்.

இனி மாற்றும் வழியை ஆராய்வோம். ஜப்பான் எஞ்சினுக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலை, திருத்தச் செலவிலும் குறைவாகவே இருந்தது. அன்றிரவு ஒரு தாளை எடுத்து, அந்த எஞ்சினோடு கூட வரும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதினேன். எஞ்சினைத் தாங்கும் புதிய பிடிகள் ஒட்டவேண்டும். கியர்ப் பெட்டியும் மாறுவதால் தளத்தை வெட்டவேண்டும். பின் அச்சுக்குச் செல்லும் தண்டை வெட்டி, ஒட்டி, நிறைசமன் செய்யவேண்டும். றேடியேற்றர், புகைக்குழாய், கிளச் இணைப்பு, வேகமானிக் கம்பி ஆகியன மாறும். பழைய மைனரில் பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். புதிய எஞ்சினின் மின்னாக்கிக்கு எதிர்முனை இணையவேண்டும். ஆகவே மின்னிணைப்பையும் திருத்தியமைக்க வேண்டும். எழுதி முடித்தபோது கணக்கு முதலிற் கேட்ட விலையின் இருமடங்கைத் தாண்டிற்று.

அத்தாளிலே நான் முதலில் எழுத மறந்தது பிறேக். காரைச் செய்தவர்களே இதற்குச் சான்று. 1962இல் எஞ்சினை 948இலிருந்து 1098 சீ.சீ.க்கு உயர்த்தியபோது, முன் சில்லுகளின் பிறேக் உருளைகளை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள், கிளச்சையும் பெரிதாக்கினார்கள், பின் அச்சின் பல் விகிதத்தை 4.55இலிருந்து 4.22 ஆக மாற்றினார்கள். 37 குதிரைவலு 48 ஆனதற்கே இத்தனை மாற்றம். அறுபது எழுபது குதிரைவலுவுள்ள எஞ்சினைப் பொருத்திவிட்டுப் பழைய 7 அங்குலப் பிறேக்கோடு விடுவது சிக்கனமன்று, உயிருக்கே கேடாகும்.

மாற்றுதல் எக்காலும் கூடாதென்று நான் சொல்லவில்லை. என் நண்பரான ஆசிரியர் ஒருவரின் மைனரிலே 803 சீ.சீ. எஞ்சினின் கட்டை நீர் ஓடும் பகுதியிலே வெடித்திருந்தது. இரண்டுமுறை ஒட்டுவித்தார், இரண்டுமுறையும் கசிந்தது. கட்டை வெடித்தபோதும், பிஸ்டன் தண்டு கட்டையைத் துளைத்து வெளிவந்தபோதும், கிராங் தண்டில் கீறல் விழுந்தபோதும், துளைக்கவும் அரைக்கவும் எல்லை கடந்தபோதும் பழையதிற் பணத்தைக் கொட்டுதல் வீண். அப்போது அந்த எஞ்சினின் குடும்பத்திலேயே ஒன்றைத் தேடவேண்டும். நண்பர் கழிக்கப்பட்ட மைனர் ஒன்றின் 948 சீ.சீ. எஞ்சினை அதன் கியர்ப் பெட்டியோடு வாங்கிப் பொருத்தினார். இதிலே ஓர் எச்சரிக்கை. 1959இல் வந்த மினி காரின் எஞ்சினும் ஏ வரிசையே. ஆனால் அது குறுக்காக அமைந்து, கியர்ப் பெட்டியைத் தன் அடியிலே கொண்டது. 'அதே எஞ்சின்தானே' என்று அதனை வாங்கி வந்தால் மைனரில் அப்படியே பொருந்தாது.

எந்த எஞ்சினை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தைத் திருத்துதல் வேண்டும். வாங்கும் எஞ்சினுக்குரிய பற்றுச்சீட்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதனை அசட்டை செய்தவர்கள் காரை விற்கும்போதும் காப்புறுதி கோரும்போதும் இடர்ப்படுவர்.

சுருங்கக் கூறின், அளவான பணமுடையவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு இது. அமுக்கமும் எண்ணெய் அழுத்தமும் பாராமல் எவருக்கும் முற்பணம் கொடாதீர்கள். ஹெட்டைத் திறந்தபின் அளவைக் கேளுங்கள். அளவு தெரியாத மதிப்பீட்டை ஏற்காதீர்கள். திருத்தத்திற்கும் மாற்றத்திற்கும் தனித்தனித் தாளிலே, கடைசி ஆணி வரை கணக்கெழுதுங்கள். எழுதிய தொகையில் மூன்றிலொரு பங்கை மேலதிகமாக ஒதுக்குங்கள். பழைய வண்டி எதிர்பாராத செலவைக் காட்டாமல் விடாது. கட்டையும் கிராங் தண்டும் நலமாயின் திருத்துங்கள். அவை கெட்டிருப்பின் அதே குடும்பத்து எஞ்சினைத் தேடுங்கள். அதுவும் கிடையாதபோதுதான், பிறேக்கையும் சேர்த்துக் கணக்கிட்டு, அயல் எஞ்சினுக்குச் செல்லுங்கள்.

எங்கள் காரின் வேலை இரண்டு மாதம் எடுத்தது. வர்ணம் பூசுதற்கு வைத்திருந்த பணம் கிராங் தண்டோடு போயிற்று. ஆகவே கதவின் அடியிலே துரு இன்னும் தெரிகின்றது. முதல் 500 மைல்களும் மெதுவாக ஓட்டி, எண்ணெயை மாற்றினோம். கடனின் மாதக் கழிவு இன்னும் முடியவில்லை. முதன்முறை கிளினிக்கிற்குப் போனபோது தாயார் பின் இருக்கையில் ஒன்றும் பேசாது இருந்தார். திரும்பி வரும் வழியிலே, "ஐயா ஓடேக்கை கேட்ட சத்தம்" என்று மட்டும் சொன்னார். அந்த முதிய மெக்கானிக்கிற்கு இப்போது எண்பது வயதுக்கு மேலாகின்றது. உங்கள் ஊரிலும் அத்தகையவர் ஒருவர் இருப்பாராயின், எஞ்சினைக் கழிக்க முடிவு செய்யுமுன் அவரை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள்.