மலையேறும் பழைய டீசலுக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரில் ஏறி, சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான். டிரெய்லரை இழுத்துக்கொண்டு வரும் 1980களின் டீசல் வண்டிகள் அந்த ஏற்றத்தில்தான் திணறும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் இறங்கும். கரும்புகை மட்டும் ஏறும்.

ஃபோர்டு பிக்கப்களில் 1983இல் வந்த 6.9 லிட்டர் டீசல் இன்ஜினும், 1988இல் அதன் இடத்தைப் பிடித்த 7.3 லிட்டர் இன்ஜினும் இந்த வகை. பிஸ்டன் கீழிறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றை நம்பியே இவை ஓடின. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் இரண்டும் சீராகக் கலப்பதில்லை என்பதால், புகையில்லாமல் எரிய இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். மலை உச்சியில் காற்று குறைந்தாலும் பழைய பம்ப் அதை அறியாமல் அதே அளவு டீசலை அனுப்பும். எரியாத மிச்சம் கரியாக வெளியேறும்.

குறைந்த காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவிதான் சூப்பர்சார்ஜர். இன்ஜினின் சுழற்சியிலிருந்தே பெல்ட் வழியாக இது ஓடும். இதில் மிகப் பழைய வகை, ரூட்ஸ் சகோதரர்கள் இண்டியானாவில் உருவாக்கி 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி. எட்டு வடிவில் உள்ள இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழன்று காற்றைத் தள்ளும். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதிய இந்தக் கருவி, 1938இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 71 வரிசை டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்களிலும் இடம்பிடித்தது.

பழைய இன்ஜினில் இதைப் பொருத்தினால் என்ன கிடைக்கும்? 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். அமுக்கினால் காற்று சூடாகும். 60 விழுக்காடு திறனுள்ள ஊதுகருவியிலிருந்து அது சுமார் 90 டிகிரியில் வெளிவரும். சூட்டில் காற்று விரிவதால், அழுத்தம் 50 விழுக்காடு கூடினாலும் சிலிண்டருக்குக் கிடைக்கும் கூடுதல் காற்று 25 விழுக்காடுதான். இடையில் ஓர் இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு ஆற்றினால், அது 40 விழுக்காடாக உயரும். ஆகவே இன்டர்கூலர் இல்லாத சூப்பர்சார்ஜர் பாதி வேலைதான்.

இதற்கு விலையும் உண்டு. 7.3 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது, இந்த அழுத்தத்தை உண்டாக்க மட்டும் 18 குதிரைத்திறன் அளவுக்குத் தேவை. அதைக் கொடுப்பதும் அதே இன்ஜின்தான். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்ற டர்போ ஏன் லாரி உலகை வென்றது என்பது இங்கே புரியும். வீணாகப் போகும் புகையின் சக்தியிலேயே பெரும்பாலும் அது சுழல்கிறது. சூப்பர்சார்ஜருக்கு உள்ள மேன்மை, புகை பலம் சேரும்வரை காத்திருக்காமல் குறைந்த சுற்றிலேயே காற்றைக் கொடுப்பது. லோடோடு நின்று கிளம்பும் வண்டிக்கு அது பெரிய உதவி.

பெட்ரோல் இன்ஜினில் கலவையின் அளவைக் கூட்டினால் இழுவை கூடும். டீசலில் இழுவையைத் தீர்மானிப்பது எரியும் டீசலின் அளவு. ஏற்கெனவே போதிய காற்று கிடைக்கும் சமவெளியில், காற்றை மட்டும் கூட்டினால் இழுவை பெரிதாகக் கூடாது. அதனால்தான் பலர் அடுத்து பம்பின் ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. புகைக்குழாயின் வெப்பம் 700 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றால், அலுமினிய பிஸ்டன் நீண்ட நேரம் தாங்காது. வெப்பமானி பொருத்தாமல் அந்த ஸ்க்ரூவைத் தொடவே கூடாது.

அழுத்தமும் சும்மா விடாது. இந்த இன்ஜின்கள் காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்குபவை. உள்ளே போகும் அழுத்தம் ஒன்றரை மடங்கானால், அமுக்கி முடிக்கும்போதுள்ள அழுத்தமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் ஏறும். 6.9 இன்ஜினின் ஹெட் போல்ட்கள் 7/16 அங்குலம்தான். அதன் ஹெட் கேஸ்கெட் போவது மெக்கானிக்குகளுக்குப் பழகிய தொல்லை. 7.3இல் போல்ட்களை அரை அங்குலமாகத் தடிப்பாக்கினார்கள். 1993இல் இதே இன்ஜின் டர்போவோடு ஆலையிலிருந்து வந்தபோது பிஸ்டன் பகுதியையும் வலுப்படுத்தியிருந்தார்கள்.

ஆகவே கூடுதல் காற்றை எங்கே செலவிடுவது என்பதுதான் முக்கியமான முடிவு. 3,400 மீட்டர் உயரத்துக்கே திரும்புவோம். அங்கே 70 விழுக்காடாக இருக்கும் காற்றை இன்டர்கூலரோடு 1.4 மடங்காக்கினால் 98 விழுக்காடு. கடற்கரையில் கிடைத்த காற்று ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைக்கிறது. பம்பைத் தொடாமலே டீசல் முழுதாக எரியும், புகை அடங்கும், இழுவை மீளும். சிலிண்டருக்குள் அழுத்தமும் இன்ஜின் பிறந்தபோது தாங்கிய அளவை ஒட்டியே இருக்கும். முப்பது, நாற்பது வருடம் உழைத்த இன்ஜினுக்குப் பொருத்தமான மேம்பாடு இதுவே. முதலில் கம்ப்ரஷனைச் சோதியுங்கள். தேய்ந்த ரிங்குகளையும் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். பிறகு காற்றைக் கொடுங்கள். டீசலைக் கூட்டும் ஆசையை அதன்பின் வெப்பமானியின் முள்ளிடம் கேட்டு முடிவுசெய்யலாம்.