நட்ட நாற்று நுனி காய்ந்து வெளுக்கிறதா? உப்பைத் தாங்கும் நெல்லை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்!

விதை நன்றாக முளைக்கும். நாற்றங்காலும் பச்சைப்பசேல் என்றிருக்கும். வயலில் நட்ட சில நாட்களில் இலை நுனி வெளுத்துச் சுருள ஆரம்பிக்கும். நோய் என்று நினைத்து மருந்து அடித்தாலும் பலன் இருக்காது. பல வயல்களில் இதற்குக் காரணம் பூச்சியோ பூஞ்சையோ அல்ல, உப்பு!

விருதுநகர் மாவட்டத்தின் நரிக்குடி, திருச்சுழி பகுதிகளில் கண்மாய்ப் பாசனத்தை நம்பித்தான் நெல் விளைகிறது. மழை பொய்த்துக் கண்மாய் வற்றினால் கைகொடுப்பது போர்வெல். அந்தத் தண்ணீர் உப்பாக இருந்தால், வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் வயலில் தங்கிவிடும்.

நாற்றுக்குள் என்ன நடக்கிறது?

மண்ணில் உப்பு ஏறினால், தண்ணீர் நின்றாலும் வேரால் உறிஞ்ச முடியாது. பயிர் தாகத்தில் வாடும். அடுத்து, சோடியம் உள்ளே புகுந்து சாம்பல் சத்தின் இடத்தைப் பிடித்து இலையைக் கருக்கும். முளைக்கும்போது உப்பைத் தாங்கும் நெல், இளம் நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் அதிகம் துவள்கிறது.

மண்ணின் உப்புத்தன்மை 3 டெசிசீமன்ஸ் அளவைத் தாண்டினால், கூடும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 சதவிகிதம் மகசூல் குறையும் என்பது பொதுவான கணக்கு.

ஆய்வகத்தில் 'உப்புப் பரீட்சை'

மிதக்கும் தெர்மாகோல் தட்டுகளில், சத்துக் கரைசலில் நாற்றுகளை வளர்க்கிறார்கள். பிறகு உப்பைப் படிப்படியாகக் கூட்டி 12 டெசிசீமன்ஸ் வரை கொண்டுபோகிறார்கள். பாதிப்பைப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண். 1 என்றால் நாற்று தப்பித்தது. 9 என்றால் கருகியது. ஒப்பிட்டுப் பார்க்க, உப்பைத் தாங்கும் கேரளத்துப் பொக்காளியையும், தாங்காத ஐ.ஆர். 29 ரகத்தையும் பக்கத்திலேயே வளர்ப்பார்கள். பொக்காளியின் முதலாம் குரோமோசோமில் உள்ள 'சால்டால்' என்ற மரபணுப் பகுதி, சோடியம் - சாம்பல் சத்துச் சமநிலையைக் காக்க உதவுகிறது. அதை மற்ற ரகங்களுக்கு மாற்றும் வேலையும் நடக்கிறது.

எந்த ரகம்?

திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம், களர் நிலத்துக்காக டி.ஆர்.ஒய். 1 (1995), டி.ஆர்.ஒய். 3 (2010) ரகங்களை வெளியிட்டது. கோ 43 ரகமும் உப்பை ஓரளவு தாங்கும். பாரம்பர்ய ரகங்களில் குழியடிச்சான், களர்பாலை ஆகியவற்றை உப்பு நிலத்துக்கு ஏற்றவை என்கிறார்கள்.

நடும் முன் கவனிக்க...

* உவர் வேறு, களர் வேறு. உவரில் கரையும் உப்பு அதிகம். நல்ல தண்ணீர் தேக்கி வடித்தால் குறையும். களரில் சோடியம் மண்ணோடு ஒட்டியிருக்கும். கார அமிலத்தன்மை 8.5-க்கு மேல் போகும். இதற்கு ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும்.
* தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழலாம்.
* மிகவும் இளம் நாற்றைத் தவிர்த்து, சற்று முதிர்ந்த நாற்றை, குத்துக்கு கூடுதலாக ஒன்றிரண்டு சேர்த்து நடலாம்.
* மண்ணோடு போர்வெல் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். விருதுநகர் மாவட்ட விவசாயிகள் அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.

ரகத்தை முடிவு செய்வது அந்த முடிவு கைக்கு வந்த பிறகு இருக்கட்டும். களருக்கான ரகத்தை உவரில் நட்டு ஏமாந்தால், ஒரு போகமே வீணாகிவிடும்!