பவுசர் ஓஸில் ஒழுக்கு

உழவு இயந்திரம் இழுத்துச் செல்லும் தண்ணீர்ப் பவுசரில் ஒழுக்கு பெரும்பாலும் தாங்கியின் அடியிலுள்ள வால்வுக்கும் ஓஸின் முதற் சாணுக்கும் இடையில்தான் தொடங்கும். இரும்பு, பித்தளை, றப்பர், பிளாஸ்ரிக் ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் அது. ஒவ்வொன்றும் வெயிலில் ஒவ்வோர் அளவுக்கு விரியும். போதாக்குறைக்குக் குன்றும் குழியுமான ஒழுங்கைகளில் ஓடும்போது தொங்கும் ஓஸின் பாரம் முழுவதையும் அந்தப் பொருத்தே தாங்குகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரே முதல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதுதான் பெருமழை. அடுத்த மழைக்காலம் நெருங்கும்போது வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, காரைநகர்ப் பக்கங்களில் பல கிணறுகள் உவர்ந்துவிடுவதால், குடிக்கப் பவுசர் தண்ணீரையே பார்த்திருக்க வேண்டும். 2014, 2015 காலத்தில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தபோது வலிகாமத்திலும் இதே நிலை வந்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரவல்ல தாழையடிக் கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ரில் திறக்கப்பட்ட பிறகும், குழாய் எட்டாத வளவுகளுக்குப் பவுசர்தான் வருகிறது. பிரதேச சபையின் பெரிய பவுசர் போக முடியாத ஒழுங்கைக்குள், லான்ட்மாஸ்ரர் எனும் இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிய 1,000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி போய்விடும். இரண்டிலும் ஓஸ் பொருத்தும் முறை ஒன்றுதான்.

வால்விலிருந்து புரி வெட்டிய குழாய்த்துண்டு ஒன்று வெளியே நீளும். அதில் நட்டு வைத்தோ, இரு பக்கமும் காது போல் பிடி கொண்ட கப்ளிங் வைத்தோ, வரி வரியாக மேடு விட்ட நிப்பிள் பொருத்தப்படும். நிப்பிளின் மேல் ஓஸை ஏற்றிக் கிளிப்பால் இறுக்குவார்கள். ஆகவே ஒழுகக்கூடிய இடங்கள் மூன்று: புரி, உள்ளிருக்கும் வாசர், ஓஸின் வாய். தண்ணீர் சொட்டும் இடத்தைப் பார்த்துப் பழுதைத் தீர்மானித்தால் பிழைத்துவிடும். மேலே கசிவது கீழே ஓடி வந்தே சொட்டும். பொருத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்த கடதாசித் துண்டை மேலிருந்து கீழாக ஒவ்வோர் இடமாக ஒற்றிப் பார்த்தால் முதலில் நனையும் இடமே குற்றவாளி.

அநேகமாக அது வாசராகத்தான் இருக்கும். ஆனால் ஒழுக்கைக் கண்டதும் ஸ்பனரை எடுத்து இன்னும் ஒரு சுற்று இறுக்குவதே பலரது வழக்கம். ஒரு மீற்றர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார். பவுசரில் தண்ணீர் மட்டம் வால்வுக்கு மேல் ஒன்றரை மீற்றர் நின்றாலும் அது 0.15 பார்தான், கார் ரயருக்குள் இருக்கும் அழுத்தம் இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இவ்வளவு மெல்லிய அழுத்தத்தைத் தடுக்க நல்ல வாசர் இருந்தால் கையால் இறுக்குவதே போதும். கையால் இறுக்கி நிற்கவில்லையென்றால் வாசர் விறைத்துவிட்டது, வெடித்துவிட்டது, அல்லது முன்பு கழற்றியபோது எங்கோ விழுந்து தொலைந்துவிட்டது. அதன் மேல் ஸ்பனரைப் போட்டால் பிளாஸ்ரிக் நட்டு பிளக்கும், பித்தளைப் புரி தேயும்.

குடாநாட்டுத் தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு. சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவதால் அது கடினநீர். தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவு விட்டுப் போகும். கேத்திலின் அடியில் எல்லோரும் பார்க்கும் அதே படிவுதான் வாசர் அமரும் விளிம்பிலும் மணல்போல் ஒட்டிக்கொள்கிறது. புது வாசர் போட்டும் ஒழுக்கு நிற்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ துணியை நனைத்து அரை மணி நேரம் சுற்றி வைத்தால் படிவு இளகும். பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்கலாம். கத்தியால் சுரண்டினால் விளிம்பில் கீறு விழுந்து, அந்தக் கீறே நிரந்தர வாய்க்காலாகிவிடும்.

புரிகளில் இரண்டு வகை உண்டு. நுனி நோக்கிச் சிறுத்துவரும் புரியில் புரியே தண்ணீரை அடைக்கிறது. அதற்குத்தான் வெள்ளை ரேப் சுற்ற வேண்டும். நுனியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் சுற்றினால், முறுக்கும்போது ரேப் அவிழாது. ஒரே பருமனாக ஓடும் புரியிலோ அடைப்பது வாசர். அதில் எத்தனை சுற்று ரேப் சுற்றினாலும் வீண், சில வேளை நட்டு முழுதாக ஏறாமல் ஒழுக்கு கூடும். கனடாவில் கோடை விடுமுறைக்கு ட்ரெயிலர் வண்டி இழுத்துச் செல்லும் தமிழ்க் குடும்பங்களும் இதே தொல்லையைச் சந்திக்கக்கூடும். அங்கத்தைய தோட்ட ஓஸ் பொருத்துகள் வாசரில் நிற்பவை. அவற்றின் முக்கால் அங்குலப் புரியில் அங்குலத்துக்கு 11½ சுற்று. இலங்கையில் விற்கும் பிரித்தானிய அளவு முக்கால் அங்குலப் புரியில் 14. ஊரிலிருந்து கொண்டுபோன பொருத்து அங்கே இரண்டு சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும்.

ஓஸின் வாய் தளர்ந்திருந்தால் கிளிப்பை முறுக்குவதற்கு முன் அந்த முனையை வெட்டி எறிவது நல்லது. வெயிலில் விறைத்துப் பிளவுண்ட நான்கைந்து சென்ரிமீற்றர் போனால் கீழே நல்ல ஓஸ் கிடைக்கும். வெட்டு நேராக இருக்க வேண்டும். முனையைச் சுடுநீரில் சிறிது நேரம் வைத்தால் இளகி நிப்பிளின் கடைசி மேடு வரை ஏறும். ஏற்றுவதற்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசலாம். குடிநீர் ஓஸில் கிறீஸ் கூடாது. பெரிய ஓஸுக்கு இரண்டு கிளிப் போட்டு, திருகாணிகள் எதிரெதிர்ப் பக்கம் வருமாறு வைத்தால் சுற்றிலும் ஒரே அளவாக இறுகும். கடற்கரை ஊர்களில் துருப்பிடிக்காத உருக்குக் கிளிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணாகாது. கட்டுக்கம்பி முறுக்குவது ஓஸை மெல்ல மெல்ல அறுக்கும் வேலை.

பழைய சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுவது வேறு கதை. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் உதிரிப்பாகம் வராத காலத்தை இந்த ரியூப் நாடாவைப் போன்ற கைவைத்தியங்களாலேயே சனம் கடந்தது. வழியில் நின்றுபோன பவுசருக்கு அது இன்றும் தக்க உதவி. ஆனால் ரியூபில் வெட்டிய வாசரைக் குடிநீருக்கு நிரந்தரமாக விட்டால் தண்ணீர் மணக்கும்.

கிணற்றிலிருந்து பம்பால் தாங்கியை நிரப்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாது. உறிஞ்சு குழாயின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே பொருத்து தளர்ந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பம்ப் இரைந்தபடி சுழன்றும் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறதென்றால் காற்று இழுக்கிறது என்று பொருள். பம்ப் ஓடும்போதே பொருத்துகளின் மேல் சவர்க்கார நுரை பூசினால், நுரை எங்கே உள்ளே உறிஞ்சப்படுகிறதோ அங்கேதான் ஓட்டை.

வேலை முடிந்ததும் ஓஸை வண்டியின் பக்கத்தில் கொழுவி போட்டுத் தாங்க வைத்தால் பொருத்தின் மேல் பாரம் விழாது. பிறகு வால்வைத் திறந்து, ஓஸின் மறுமுனையை மூடிப் பத்து நிமிடம் விட்டு மீண்டும் கடதாசியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். ஓஸின் வாய் நிலத்தில் கிடந்திருந்தால் குளோரின் கலந்த தண்ணீரை அதில் நிரப்பி வைத்து, பின் நல்ல தண்ணீரால் கழுவி, முதல் வாளித் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிநீர் பிடிக்கலாம்.