கருவிகளைத் தானே தேடிப் பொருத்தும் கம்ப்யூட்டர் வேலையாள்!

"செய்யட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கும்

கல்யாணச் சமையலுக்கு ஒருவரை அழைக்கிறோம். அவர் வந்தவுடன் அடுப்பைப் பற்ற வைப்பாரா? மாட்டார். "அண்டா எங்கே? கரண்டி எங்கே? அரிவாள்மணை எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார். கருவி இல்லாமல் சமையல் இல்லை.

கம்ப்யூட்டரிலும் அப்படியே!

அமெரிக்காவில் உள்ள ஆப்பிள் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு 'மாக்' என்று பெயர். அதை உபயோகிக்கும் நிபுணர்கள் பலர் 'ஹோம்புரூ' என்ற வேலையாளை வைத்திருக்கிறார்கள். இந்த வேலையாள் மனிதன் அல்ல. அதுவும் ஒரு புரோகிராம்தான். கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பே புரோகிராம் ஆகும். நமக்கு வேண்டிய புரோகிராமின் பெயரைச் சொன்னால் போதும். ஹோம்புரூ அதை இண்டர்நெட்டில் இருந்து கொண்டு வந்து பொருத்திவிடும். கூலி கிடையாது!

2009-ம் ஆண்டில் மாக்ஸ் ஹோவெல் என்பவர் இதை உருவாக்கினார். 'ஹோம்புரூ' என்றால் வீட்டிலேயே தயாரித்த பீர் என்று பொருள். அதனால் உள்ளே இருக்கும் பெயர்களும் வேடிக்கையானவை. பொருத்திய சாமான்களை வைக்கும் இடத்துக்கு 'நிலவறை' என்று பெயர். தயார் நிலையில் வந்து இறங்கும் சாமானுக்குப் பெயர் 'பாட்டில்'!

கருவி எதற்கு?

மனிதர் எழுதும் புரோகிராம் யந்திரத்துக்கு அப்படியே புரியாது. அதை யந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வது 'கம்பைலர்' என்ற கருவி. ஆப்பிள் கொடுக்கும் கம்பைலருக்கு 'கிளாங்' என்று பெயர். புரோகிராமின் மூலப் பிரதிகளைக் கொண்டு வரவும், அவற்றில் செய்த மாற்றங்களைக் கணக்கு வைக்கவும் 'கிட்' என்று இன்னொரு கருவி உண்டு.

புதிதாக வாங்கிய மாக்கில் இந்தக் கருவிகள் இருக்காது. பெயர்ப் பலகை மட்டும் இருக்கும். 'கிட்' என்று கூப்பிட்டால், "அந்தக் கருவி இன்னும் வரவில்லை. பொருத்தட்டுமா?" என்று திரையில் ஒரு கேள்வி வரும்.

முன்பு இந்தக் கருவிகளைப் பெறுவது பெரும்பாடு. 'எக்ஸ்கோட்' என்ற மிகப் பெரிய தொகுப்பு முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு கரண்டிக்காகப் பாத்திரக் கடையையே வாங்குவது போன்ற நிலை! 2012-ம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் இந்தச் சிறு கருவிகளைத் தனியாகக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு வேலை சுலபமாயிற்று.

ஒரு வெற்றுச் சீட்டு!

ஹோம்புரூ உள்ளே வரும்போது, கருவிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கும். இல்லாவிட்டால் தானே வரவழைக்கும். எப்படி?

ஆப்பிள் கம்ப்யூட்டரில், புதிய சாமான்களின் பட்டியலைக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. சாதாரணமாக அந்தப் பட்டியலில் இந்தக் கருவிகள் தெரியாது. ஹோம்புரூ ஒரு தந்திரம் செய்கிறது. ஒரு குறிப்பிட்ட பெயரில் வெற்றுச் சீட்டு ஒன்றை வைக்கிறது. அதில் ஓர் எழுத்துகூட இருக்காது. ஆனால் சீட்டின் பெயரைக் கண்டதும், யாரோ கருவி கேட்டிருக்கிறார்கள் என்று பட்டியல் பகுதி தெரிந்துகொள்ளும். உடனே கருவிகளின் பெயரைப் பட்டியலில் காட்டும். ஹோம்புரூ அவற்றில் புதியதைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும். பிறகு சீட்டை நீக்கிவிடும்.

தந்திரம் பலிக்காவிட்டால், கருவி பொருத்தும் ஜன்னலைத் திரையில் திறந்துவிட்டு, நாம் விசையை அழுத்தும்வரை காத்திருக்கும்.

சாவி யார் கையில்?

இந்த வேலைக்கு உங்கள் பாஸ்வேர்டு வேண்டும். அது வீட்டுச் சாவி போன்றது. ஆகையால் ஹோம்புரூ ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறது. எந்தெந்த இடத்தில் எதை வைக்கப் போகிறது என்பதைத் திரையில் எழுதிக் காட்டும். கருவிகளைப் பொருத்தப் போவதையும் சொல்லும். நீங்கள் விசையை அழுத்திய பிறகுதான் தொடங்கும். கேள்வி கேட்காமல் நடத்தவும் வழி உண்டு. அது, பல கம்ப்யூட்டர்களை ஒரே மாதிரி ஏற்பாடு செய்யும் நிபுணர்களுக்கு உரியது.

பாஸ்வேர்டைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. பயப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

ஓர் எழுத்தில் மோசடி

ஆனால், திருடனும் நல்ல வேலையாளைப் போல வேடம் போடுவான் அல்லவா?

2025 ஜனவரியில் அது நடந்தது. கூகிள் தேடலில் ஹோம்புரூவின் பெயரில் ஒரு விளம்பரம் வந்தது. விளம்பரத்தில் உண்மையான முகவரியே தெரிந்தது. அதைத் தொட்டவர்களோ போலி இடத்துக்குப் போனார்கள். போலி முகவரியில் கூடுதலாக இருந்தது ஒரே ஓர் எழுத்து! பார்வைக்கு அது உண்மையான ஹோம்புரூ போலவே இருந்தது. அங்கே கொடுத்த கட்டளையை நகல் எடுத்து ஓடவிட்டால், உள்ளே வருவது பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராம்!

"செய்யட்டுமா?" என்று போலியும் கேட்கும். கேள்வி கேட்பதால் மட்டும் ஒருவன் யோக்கியன் ஆகிவிட மாட்டான். ஆகவே விளம்பரத்தை நம்பி உள்ளே போகாதீர்கள். முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். திரையில் வரும் பட்டியலை முழுவதும் படியுங்கள். புரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேளுங்கள். அதுவரை விசையில் கை வைக்க வேண்டாம்.